நூந்த பிறகு ஏறிய தண்ணீர்

இறக்காமத்தில் வெள்ளாமை வெட்டி முடிந்து, வட்டைகளில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நாட்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் தர வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்று பாடம் நடத்தியவர் ஓர் ஆசிரிய பயிலுநர். கல்விக் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சிக்காக வந்திருந்தார். அவருடைய பாடத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவது என் வேலை.

மேசையில் ஒரு பீரிசு. அதில் சிவப்பு மை கலந்த தண்ணீர், நடுவில் மெழுகுதிரி. திரியைக் கொளுத்தி அதன் மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்தார். சுடர் சுருங்கியது, நீலமாகியது, நூந்தது. சிவப்புத் தண்ணீர் கிளாஸுக்குள் ஏறியது. பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்தார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டார். யாரும் வாய் திறப்பதற்கு முன்னே அவரே சொல்லிவிட்டார். வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், மெழுகுதிரி எரிய எரிய அது முடிந்துவிட்டது, அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறியது, எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் பேனையைத் திறக்காமல் கையை அரைவாசி உயர்த்தினாள்.

"டீச்சர், எரியக்குள்ள தண்ணி ஏறல்லையே. நூந்த பொறகுதானே ஏறினது."

பயிலுநர் ஒரு கணம் தடுமாறினார். என்னைப் பார்த்தார். என் மடியிலிருந்த மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தார். "அது அப்பிடித்தான் மகள், எழுதுங்க" என்றார். பெல் அடித்தது.

அந்தப் பிள்ளை சொன்னதைப் பின்னேரம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒட்சிசன் தீர்ந்ததால்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், சுடர் எரியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். நூந்ததும் நின்றிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. முப்பது பேர் பார்த்த ஒன்றை அவள் ஒருத்திதான் கண்டாள். நானும் அதே விளக்கத்தைப் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருப்பார்கள். என் காதில் விழுந்திருக்காது.

பயிலுநரின் பாடக் குறிப்பில் ஒரு குறையும் இல்லை. ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என ஐந்து படிகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவில் ரொட்ஜர் பைபியும் அவருடைய குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் வகுத்த முறை அது. இலங்கையில் 2007 கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு ஆறாம் தரத்திலும் பத்தாம் தரத்திலும் வந்து இறங்கியது. வந்த முறை நல்ல முறைதான். பிள்ளை முதலில் பொருளைத் தொட வேண்டும், பிறகு தன் வாயால் சொல்ல வேண்டும், ஆசிரியரின் விளக்கம் அதற்குப் பின்னால் வர வேண்டும் என்பதே அதன் உயிர். ஆனால் படிகளின் பெயர்களை ஒரு தாளில் கொடுத்துவிடலாம். உயிரைத் தாளில் கொடுக்க முடியாது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஐந்து தலைப்புகளையும் ஓடி முடிக்க வேண்டும் என்றானபோது, கண்டறிதல் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. கண்டறிய வேண்டியது என்ன என்பதும் குறிப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

பின்னேரம் அந்தப் பயிலுநரையும் அதே பள்ளிக்கூடத்தில் இருந்த வேறு மூன்று பயிலுநர்களையும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். விளக்கம் சொல்லவில்லை. காலையில் வைத்த அதே பீரிசையும் கிளாஸையும் மேசையில் வைத்து, "அந்த மாணவி சொன்னது சரியா, பிழையா? முடிவெடுங்க. நான் பேசமாட்டன்" என்றேன்.

முதல் பத்து நிமிடம் அவர்கள் மெழுகுதிரியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பதினாறு வருடப் படிப்பு பழக்கிய பழக்கம் அது: விடை ஆசிரியரின் முகத்தில் இருக்கும். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அதற்குப் பிறகுதான் ஒருவர் திரியைக் கொளுத்தினார். மூன்றாவது தடவை செய்தபோது, கிளாஸைக் கவிழ்க்கும் கணத்தில் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுவதை ஒருவர் கண்டார். "வளி வெளியில போகுது!" என்று கத்தினார். "எரியிற சூட்டில விரிஞ்சு போகுது" என்றார் இன்னொருவர். "அப்ப நூந்தவுடன குளிர்ந்து சுருங்குது, அதுதான் தண்ணி ஏறுது" என்றார் மூன்றாமவர். காலையில் பாடம் நடத்தியவர் விடவில்லை. "ஒட்சிசனும் குறையுதுதானே? அதுக்குப் பங்கில்லையா?" என்று நின்றார். நல்ல எதிர்ப்பு. அப்போதுதான் வாதம் சூடுபிடித்தது.

ஒருவர் சொன்னார்: ஒட்சிசன்தான் காரணமென்றால், ஒரு திரி வைத்தாலும் மூன்று திரி வைத்தாலும் கிளாஸுக்குள் இருக்கும் ஒட்சிசன் ஒன்றுதான், தண்ணீர் ஒரே மட்டத்துக்குத்தான் ஏற வேண்டும். சூடுதான் காரணமென்றால், மூன்று திரிக்குக் கூட ஏற வேண்டும். மெழுகுதிரியை மூன்றாக வெட்டி வைத்தார்கள். கூட ஏறியது. நன்றாகவே கூட ஏறியது.

காலையில் பாடம் நடத்தியவர் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "நான் அந்தப் புள்ளைக்கு அநியாயம் செஞ்சிட்டன் சேர்" என்றார்.

அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொன்னேன். மூடிய பாத்திரத்தில் ஒட்சிசன் முழுக்கத் தீரும் வரை மெழுகுதிரி எரிவதில்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே நூந்துவிடும். போன ஒட்சிசனின் இடத்தைக் காபனீரொட்சைட்டு ஓரளவு நிரப்பிவிடுகிறது. அவர் சொன்ன பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், நால்வரும் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அன்றைக்கு எனக்குத் தெளிவான விஷயம் இதுதான். விசாரித்து அறியும் கற்பித்தலை ஆசிரியராகப் போகிறவர்களுக்கு விரிவுரையில் ஏற்ற முடியாது. தெரியும் என்று நம்பியிருந்த ஒன்றில், சக பயிலுநர்களின் முன்னால், ஒரு மெழுகுதிரியிடம் அவர்கள் ஒரு தடவையாவது தோற்றிருக்க வேண்டும். மனிதரிடம் தோற்பது அவமானமாகத் தெரியும். பொருளிடம் தோற்பது அப்படி இல்லை. அந்தத் தோல்வியில் ஒரு விடுதலை இருப்பதை அன்று நான்கு முகங்களில் பார்த்தேன்.

இந்தக் கிழக்குக் கரை ஆசிரியர்களை உருவாக்கிய கரை. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை 1941இல் தொடங்கியது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும் தெருவுக்கு இரண்டு ஆசிரியர் வீடாவது இருக்கும். ஆசிரியருக்கு இங்கே பெரிய மரியாதை. வாதிக்கும் வகுப்பறைக்கு முதல் தடையாக வந்து நிற்பதும் அந்த மரியாதைதான் என்பதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. டீச்சரை மறுத்துப் பேசினால் அது டீச்சரை அவமதிப்பது என்று பிள்ளைக்கு உம்மாவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார், வாப்பாவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பயிலுநர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஒரு செயலமர்வில் வாதம் செய்யச் சொன்னபோது ஒரு பயிலுநர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சேர், மூத்தவங்க சொன்னதச் சந்தேகப்படுறது ஒழுக்கக் கேடில்லையா?"

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதமைப் பற்றி அவருக்குச் சொன்னேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர். ஒளியைப் பற்றி ஏழு பாகங்களில் எழுதியவர். பழங்கால வானியலாளர் தொலமியின் மீது அவருக்கு இருந்த மதிப்பு கொஞ்சமல்ல. ஆனாலும் தொலமி மீதான சந்தேகங்கள் என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். மதித்ததால்தான் வரி வரியாகச் சோதித்தார். பயிலுநர் தலையாட்டினார். ஆனால் பெரிய பெயர்கள் வகுப்பறைக்குள் நெடுந்தூரம் வருவதில்லை.

உண்மையில் உதவியது வேறொன்று, இந்த ஊர்களின் தேநீர்க் கடைகளில் தினமும் கேட்கிற ஒரு சொல்: தலீல். மார்க்க விஷயம் எதைப் பேசினாலும், பதினெட்டு வயது இளைஞனும் இன்றைக்கு "அதுக்குத் தலீல் என்ன?" என்று கேட்கிறான். ஆதாரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் குறை. இமாம்களுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு என்பதும், ஒவ்வொருவரும் தம் தலீலை வைத்தார்கள் என்பதும், ஒருவரை ஒருவர் மதித்தார்கள் என்பதும் மதரசாவுக்குப் போன பிள்ளைக்குத் தெரியும். அந்தச் சொல்லை விஞ்ஞான வகுப்புக்குள் எடுத்து வந்தோம். மார்க்கத்தில் தலீல் வேதத்திலிருந்தும் ஹதீஸிலிருந்தும் வரும். இங்கே தலீல் மெழுகுதிரியிலிருந்து வர வேண்டும். இரண்டும் வேறு துறைகள், இரண்டையும் கலக்கத் தேவையில்லை. ஆனால் "சொன்னவர் யார்" என்பதோடு நின்றுவிடாமல் "எதை வைத்துச் சொன்னார்" என்று கேட்கும் பழக்கம் ஒன்றுதான். "கூற்று, சான்று, நியாயப்படுத்தல்" என்று கரும்பலகையில் எழுதியபோது உறங்கிய வகுப்பு, "உங்கட தலீல் என்ன?" என்று கேட்டதும் விழித்துக்கொண்டது.

ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு கூற்று, அதற்கான தரவு, தரவிலிருந்து கூற்றுக்குப் போக வழிவிடும் நியாயம், எதிர்ப்பு. ரொசலின்ட் டிரைவர், போல் நியூட்டன், ஜொனதன் ஒஸ்போர்ன் மூவரும் எழுதி 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், விஞ்ஞான வகுப்பின் நடுவில் இந்த வாதத்துக்கு இடம் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஆசிரியப் பயிற்சியில் இன்று இவர்கள் பெயர்கள் அடிபடுகின்றன. தமிழில் இது புதிய சரக்கு என்று பயிலுநர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மணிமேகலையையும் எடுப்பேன். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைப் பாடமாகவே நடத்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்புகளைச் சொல்லி, எந்த இடத்தில் வாதம் பிழைக்கும் என்பதையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். மலையில் புகை; ஆகவே அங்கே தீ; அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டிருக்கிறோம். டூல்மினின் படத்துக்குள் இந்த மலை அப்படியே பொருந்தும்.

இனி, பேச்சுமொழி. அந்த மாணவி "நூந்த பொறகு" என்றாள். பாடப் புத்தகத்தில் இருப்பது "அணைந்த பின்னர்", "தகனம்", "ஒட்சியேற்றம்". பிள்ளை வீட்டுப் பேச்சில் ஒன்றைச் சொன்னவுடன் "பாடப் புத்தகத் தமிழ்ல சொல்லுங்க" என்று திருத்துகிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருத்திய அந்தக் கணத்தில் வாதம் செத்துவிடும். பிள்ளையின் கவனம் தண்ணீரிலிருந்து சொல்லுக்குப் போய்விடும். யோசிக்கும்போது மனிதர் வீட்டு மொழியில்தான் யோசிப்பார்கள். நூர்தல் என்பதும் அகராதியில் இருக்கிற நல்ல தமிழ்தான். கலைச்சொல் வேண்டும், ஆனால் வாதத்துக்குப் பிறகு, பெயர் இல்லாமல் தவிக்கும் ஒன்றுக்குப் பெயர் வைப்பதாக வர வேண்டும்.

இதைச் சொல்லும்போது காரைதீவு ஞாபகம் வரும். இறக்காமத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் அதிக தூரமில்லை. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அடிகளைத் துறவியாக, தமிழறிஞராக எல்லாரும் நினைவுகூருகிறார்கள். அவர் முதலில் ஒரு விஞ்ஞான ஆசிரியர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், 1930களில் தமிழகத்தில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலை இசை ஆராய்ச்சி என்று மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். வழக்கொழிந்த ஒரு கருவியை, பழைய நூல்களின் குறிப்புகளையும் நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கையும் கொண்டு மீட்டெடுக்கப் பார்த்த நூல் அது. முன்னோர் சொன்னதை எடுத்துவைத்து, கணக்குப் போட்டு, பொருந்துகிறதா என்று பார்க்கிறார். இந்தக் கரையில் பிறந்த ஒரு விஞ்ஞான ஆசிரியரின் ஆகப் பெரிய வாதம் என்று நான் அதைக் கருதுகிறேன். கல்விக் கல்லூரியில் விஞ்ஞானம் பயில்கிறவர்களுக்கு அதன் சில பக்கங்களையாவது காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இறக்காமத்துக்கு மெழுகுதிரியைவிடப் பொருத்தமான கேள்வி ஒன்று இருக்கிறது. வெட்டிய வெள்ளாமையை உலர்த்தி நிறுத்தால், ஓர் ஏக்கரில் நெல்லும் வைக்கோலுமாக ஆயிரக்கணக்கான கிலோ. அந்த நிறை எங்கிருந்து வந்தது? இதை எத்தனையோ பயிலுநர்களிடம் கேட்டுவிட்டேன். மண்ணிலிருந்து, பசளையிலிருந்து, தண்ணீரிலிருந்து. ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைத் தூக்கத்திலும் எழுதக்கூடியவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். காபனீரொட்சைட்டு என்று சமன்பாட்டில் எழுதிய அதே கை, நெல்மணியின் பெரும்பகுதி வளியிலிருந்து வந்தது என்பதை ஏற்க மறுக்கிறது. காற்றுக்கு ஏது நிறை? இது இறக்காமத்துக் குறைபாடு இல்லை. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆவணப்படத்தில் ஹாவார்ட், எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள்.

பெல்ஜியத்து வான் ஹெல்மொன்ட் 200 இறாத்தல் மண்ணில் 5 இறாத்தல் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தல் ஆனது. மண் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் அச்சான கணக்கு. மரமெல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு செய்தார். அளந்தது சரி, முடிவு பிழை. "காஸ்" என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரே அவர்தான், ஆனால் மரத்துக்குள் போன காஸ் அவர் கண்ணுக்குப் படவில்லை. இந்தக் கதையைப் பயிலுநர்கள் விரும்புகிறார்கள். அளந்த கணக்கு கையில் இருந்தும் முடிவில் தவறலாம் என்பதை ஒரு பெரிய மனிதரின் பெயரோடு கேட்கும்போது அவர்களுக்குத் தெம்பு வருகிறது.

அதோடு நிறுத்தினால் ஆபத்து. ஒரு பயிலுநர் கணக்குப் போட்டுக் காட்டினார். யூரியாவில் 46 சதவீதம்தான் நைதரசன். நூறு கிலோ போட்டாலும் 46 கிலோ. விளைகிறதோ ஆயிரக்கணக்கான கிலோ. ஆகவே பசளைக்குப் பெரிய பங்கில்லை. கணக்குச் சரி. அவருக்குப் பதில் சொன்னவர் பக்கத்திலிருந்த இன்னொரு பயிலுநர், வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையின் மகள். "சோறு ஆக்கக்குள்ள உப்பு எவ்வளவு போடுறம்? குறைஞ்சா தெரியும்தானே. எங்கட வாப்பாட்டக் கேளுங்க, 2021இல என்ன நடந்ததெண்டு." அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சிறுநீரக நோய் பற்றிய அச்சமும் சேதனப் பயிர்ச்செய்கை பற்றிய நம்பிக்கையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. விவசாயிகள் தெருவுக்கு இறங்கினார்கள். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அந்த வருடப் பெரும்போகத்தில் விளைச்சல் சரிந்தது. வகுப்பிலிருந்த எல்லாருக்கும் அந்தப் போகம் தெரியும். சிலர் வீட்டில் அப்போது பட்ட கடன் இன்னும் தீரவில்லை. ஒரு நாட்டின் நெல்லைப் பற்றிய முடிவை, எதை வைத்து என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லாமல் எடுத்தார்கள் என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு. அன்றைய வகுப்பு நோய்க்கான தலீல் எது, விளைச்சலுக்கான தலீல் எது, இரண்டில் எது உறுதி என்று ஒரு மணித்தியாலம் வாதித்தது. சிலது உறுதிப்பட்டது, சிலது திறந்தபடியே நின்றது.

சாதாரண தரப் பரீட்சை, கடந்தகால வினாத்தாள், டியுசன் குறிப்பு என்ற நெருக்கடிகளை நான் அறியாதவன் அல்லன். பெறுபேறு குறைந்தால் அதிபர் கேட்பார், பெற்றார் கேட்பார். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. தவணைக்கு இரண்டு பாடம் நடந்தால் போதும். பிள்ளை அந்த இரண்டையும் மறக்காது.

அந்தப் பயிலுநர் பயிற்சி முடியும்வரை அந்த வகுப்பிலேயே இருந்தார். இரண்டாவது தடவை பார்க்கப் போனபோது ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். கேள்வி கேட்டதும் நின்றுவிடுகிறார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் றோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து சொன்னார். அதைச் செயலமர்வில் சொல்லியிருந்தேன். மூன்று விநாடியை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "மனசுக்குள்ள மூணு தரம் ஸலவாத்துச் சொல்லி முடியுமட்டும் வாய் திறக்கிறல்ல சேர்" என்றார்.

அன்று அவர் பாடத்தைத் தொடங்கியதே மன்னிப்போடுதான். "போன கிழமை ஒரு கேள்விக்கு நான் சரியாப் பதில் சொல்லல்ல" என்றார் வகுப்பைப் பார்த்து. அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மூன்று திரிகள், குமிழிகள், வாதம். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள், இந்தத் தடவை முழுதாக.

"டீச்சர், சூடுதான் காரணமெண்டா மெழுகுதிரியே தேவையில்லையே. கிளாஸச் சுடுதண்ணியால கழுவி அப்பிடியே கவுத்தாக் காணும்."

ஒருவன் ஆசிரியர் அறைக்கு ஓடிப்போய்த் தேநீருக்கு வைத்திருந்த சுடுதண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தான். கிளாஸில் ஊற்றி, அலசி, பீரிசில் கவிழ்த்தார்கள். சுடரும் இல்லை, திரியும் இல்லை. முப்பது தலைகள் மேசையைச் சுற்றிக் குனிந்தன. சிவப்புக் கோடு விளிம்பைத் தாண்டி மெல்ல உள்ளே ஏறியது.

"ஏறுது!"

"இரி, இரி" என்றான் சுடுதண்ணீர் கொண்டுவந்தவன். "உள்ளுக்கு ஆவியும் இரிந்துதானே? ஆவி தண்ணியா மாறினதாலயும் ஏறியிருக்கலாமே. அதுக்கு என்ன தலீல்?"

மாணவி அவனைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பேசவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.